சென்னையில் கழிந்த மழலைப் பருவம், 71 வயதில் ஆஸ்கர்: ஆங்கிலக் குணச்சித்திர நடிகை மார்கரெட் ரூதர்ஃபோர்டின் வாழ்க்கை

ஆங்கில நாடக மேடையிலும் திரையிலும் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக மக்களைச் சிரிக்க வைத்தவர் குணச்சித்திர நடிகை மார்கரெட் ரூதர்ஃபோர்ட். அகதா கிறிஸ்டி படைத்த துப்பறியும் மூதாட்டி மிஸ் மார்ப்பிளாகத் திரையில் தோன்றியவர், 71 வயதில் ஆஸ்கர் விருது பெற்றவர், பிரிட்டனின் டேம் பட்டத்தால் சிறப்பிக்கப்பட்டவர் என்றே உலகம் அவரை அறியும். அவருடைய மழலைப் பருவத்தின் ஒரு பகுதி அன்றைய மெட்ராஸில், அதாவது இன்றைய சென்னையில் கழிந்தது என்பது பலரும் அறியாத செய்தி. அந்தக் குடும்பம் கடல் கடந்து சென்னைக்கு வந்ததற்கும், அவர் வாழ்நாள் முழுவதும் மனத்தில் சுமந்த அச்சத்துக்கும் காரணம் ஒன்றே.

மேடையில் அவர் முதன்முதலில் தோன்றியபோது வயது 33. திரையில் முதல் படம் வெளியானபோது வயது 44. பெரும்பாலான நடிகைகளுக்கு வாய்ப்புகள் குறையத் தொடங்கும் வயதில்தான் அவருடைய கலை வாழ்வு தொடங்கியது.

பிறப்பதற்கு முன்பே நேர்ந்த துயரம்

மார்கரெட் ரூதர்ஃபோர்ட் 1892 மே 11 அன்று லண்டனின் பாலம் பகுதியில் பிறந்தார். தந்தை வில்லியம் ரூதர்ஃபோர்ட் பென், தாய் ஃபுளோரன்ஸ் நிக்கல்சன். இருவருக்கும் 1882 டிசம்பரில் திருமணம் நடந்தது. மணமான சில வாரங்களிலேயே வில்லியமின் மனநிலை பாதிக்கப்பட்டு, அவர் மனநலக் காப்பகத்தில் சேர்க்கப்பட்டார். ஓரளவு தேறிய மகனைத் தந்தை ஜூலியஸ் பென், டார்பிஷயரில் உள்ள மேட்லாக் நகருக்கு ஓய்வுக்காக அழைத்துச் சென்றார். ஜூலியஸ் பென் ஒரு கிறிஸ்தவ மதபோதகர். மகனின் உடல்நலம் மாற்றிடத்தில் சீர்படும் என்று நம்பியே அவரை அங்கு அழைத்துச் சென்றிருந்தார்.

1883 மார்ச் மாதத்தில், அங்குத் தங்கியிருந்த விடுதியில், மனம் பிறழ்ந்த நிலையில் வில்லியம் தன் தந்தையைத் தாக்கிக் கொன்றார். பின்னர்த் தன் உயிரையும் மாய்த்துக்கொள்ள முயன்றார், ஆனால் பிழைத்துக்கொண்டார். அவருடைய செயலுக்கு மனநோயே காரணம் என்று முடிவு செய்யப்பட்டு, குற்றமிழைத்த மனநோயாளிகளுக்கென இருந்த பிராட்மூர் காப்பகத்துக்கு அனுப்பப்பட்டார்.

ஏழு ஆண்டுகளுக்குப் பின், 1890-இல் அவர் விடுவிக்கப்பட்டார். அத்தனை ஆண்டுகளும் காத்திருந்த மனைவி ஃபுளோரன்ஸ் மீண்டும் அவருடன் இணைந்தார். நாளேடுகளில் இடம்பெற்றுவிட்ட பென் என்னும் குடும்பப் பெயரை விடுத்து, ரூதர்ஃபோர்ட் என்னும் பெயரையே தம்பதியர் குடும்பப் பெயராகக் கொண்டனர். ஈராண்டுகளில் அவர்களுக்கு ஒரே மகளாக மார்கரெட் பிறந்தார்.

சென்னைப் பயணம்

பழைய நிகழ்வின் நிழல் படாத ஓர் இடத்தில் வாழ்க்கையைப் புதிதாகத் தொடங்கலாம் என்று எண்ணிய வில்லியமும் ஃபுளோரன்ஸும் கைக்குழந்தையுடன் கப்பலேறினர். அவர்கள் தேர்ந்தெடுத்த இடம் மெட்ராஸ். பிரிட்டிஷ் ஆட்சியின் தென்னிந்தியத் தலைநகராக இருந்த அந்த நகரில், அவர்களுடைய கடந்த காலத்தை அறிந்தவர்கள் இருக்க வாய்ப்பில்லை.

ஆனால் புதிய வாழ்க்கை நிலைக்கவில்லை. இந்தியாவில் இருந்தபோது, மீண்டும் கருவுற்றிருந்த ஃபுளோரன்ஸ் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அப்போது மார்கரெட்டுக்கு மூன்று வயது. தாயை இழந்த குழந்தை இங்கிலாந்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. விம்பிள்டனில் வசித்த தாயின் சகோதரி பெஸ்ஸி நிக்கல்சன் குழந்தையை ஏற்று வளர்த்தார். அதன் பிறகு மார்கரெட்டுக்குத் தாயும் தந்தையுமாக இருந்தவர் பெஸ்ஸி பெரியம்மாவே.

தந்தையும் பின்னர் இங்கிலாந்து திரும்பினார். அவருடைய நோய் மீண்டும் முற்றியது. 1903-இல் லண்டனில் ஒரு மனநலக் காப்பகத்திலும், மறு ஆண்டு மீண்டும் பிராட்மூரிலும் சேர்க்கப்பட்டார். 1921-இல் இறக்கும் வரை அவர் அங்கிருந்து வெளியே வரவில்லை.

மகளுக்கோ இவை எவையும் தெரியாது. தந்தை மனமுடைந்து இறந்துவிட்டார் என்றே சிறுமியிடம் சொல்லி வைத்திருந்தனர். ஏறத்தாழ 12 வயதில்தான், தந்தை உயிருடன் இருக்கிறார் என்பதும், பிராட்மூரில் அடைக்கப்பட்டிருக்கிறார் என்பதும் அவருக்குத் தெரியவந்தது. தந்தைக்கு நேர்ந்தது தமக்கும் நேருமோ என்ற அச்சம் அன்று அவரைப் பற்றியது. புகழின் உச்சியில் இருந்த நாள்களிலும் அது அவரை விட்டு அகலவில்லை.

இந்தியாவுடன் மற்றொரு தொடர்பு

பென் குடும்பத்துக்கும் இந்தியாவுக்கும் இடையே வேறொரு தொடர்பும் உண்டு. வில்லியமின் சகோதரர் ஜான் பென் லண்டன் மாநகர அரசியலில் புகழ்பெற்றவர்; நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தார். அவருடைய மகன் வில்லியம் வெட்ஜ்வுட் பென், மார்கரெட்டுக்குப் பெரியப்பா, சிற்றப்பா வழிச் சகோதர முறை. இவரே 1929 முதல் 1931 வரை, ராம்சே மெக்டொனால்டின் தொழிற்கட்சி அரசில் இந்தியாவுக்கான அமைச்சராக இருந்தவர். மகாத்மா காந்தியின் தண்டி யாத்திரை, முதலாம் வட்டமேசை மாநாடு, காந்தி – இர்வின் ஒப்பந்தம் ஆகிய அனைத்தும் அவருடைய பதவிக் காலத்தில் நிகழ்ந்தவை.

பிரிட்டிஷ் தொழிற்கட்சியின் இடதுசாரித் தலைவர்களில் ஒருவரான டோனி பென், இந்த வெட்ஜ்வுட் பென்னின் மகன் ஆவார்.

மிதிவண்டியில் சென்ற பியானோ ஆசிரியை

விம்பிள்டன் உயர்நிலைப் பள்ளியிலும், பின்னர்க் கடற்கரை நகரமான சீஃபோர்டில் ஓர் உறைவிடப் பள்ளியிலும் மார்கரெட் பயின்றார். நாடகத்தின் மீதான விருப்பம் பள்ளி நாள்களிலேயே அவருக்கு ஏற்பட்டது. ஆனால் நடிப்பைத் தொழிலாகக் கொள்வது அந்தக் குடும்பச் சூழலில் எளிதாக இல்லை. இசைக் கல்வித் தகுதியைப் பெற்ற அவர், பியானோவும் பேச்சுப் பயிற்சியும் கற்பிக்கும் ஆசிரியையாக வேலை செய்தார். மிதிவண்டியில் வீடு வீடாகச் சென்று மாணவர்களுக்குப் பாடம் நடத்தினார். இருபதுகள் முழுவதும் இவ்வாறே கழிந்தன.

பெஸ்ஸி பெரியம்மா மறைந்தபோது விட்டுச் சென்ற சிறு தொகைதான் அவருடைய வாழ்க்கையை மாற்றியது. அந்தப் பணத்தைக் கொண்டு, லண்டனின் ஓல்ட் விக் நாடக அரங்கில் பயிற்சி மாணவியாகச் சேர்ந்தார். 1925-இல் அங்கு முதன்முறையாக மேடை ஏறினார். உடன் பயின்றவர்களுள் பலர் அவரைவிடப் பத்து வயதுக்கும் மேல் இளையவர்கள்.

முதல் முயற்சி வெற்றி பெறவில்லை. அந்தப் பருவம் முடிந்ததும் அவருக்கு அங்கு வேலை இல்லை. மீண்டும் விம்பிள்டனுக்குத் திரும்பிப் பியானோ கற்பிக்க நேர்ந்தது. ஆயினும் அவர் முயற்சியைக் கைவிடவில்லை. பிற நடிகைகளுக்கு மாற்றாக நிற்பதும், சிறிய நகரங்களின் ரெபர்ட்டரி நாடகக் குழுக்களில் நடிப்பதுமாகச் சில ஆண்டுகள் சென்றன. இத்தகைய குழுக்களில் ஒரு நாடகத்தை மாலையில் நடித்துக்கொண்டே, அடுத்த நாடகத்துக்கான ஒத்திகையைப் பகலில் பார்க்க வேண்டும். வசனத்தை விரைவில் மனப்பாடம் செய்வது, எந்த வயதுப் பாத்திரத்துக்கும் தம்மைப் பொருத்திக்கொள்வது ஆகியவற்றை அவர் அங்குதான் கற்றார். ஆக்ஸ்ஃபோர்டில் அவ்வாறு நடித்துக்கொண்டிருந்தபோது, ஸ்ட்ரிங்கர் டேவிஸ் என்னும் நடிகரைச் சந்தித்தார். மார்கரெட்டைவிட ஏழு வயது இளையவர் அவர்.

1933-இல் லண்டனின் வெஸ்ட் எண்ட் நாடக உலகில் மார்கரெட் காலடி வைத்தார். 1936-இல் 'டஸ்டி எர்மின்' என்னும் படத்தின் மூலம் திரைக்கு வந்தார்.

ஜான் கில்குட் தந்த வாய்ப்பு

மார்கரெட்டின் திறமையை நன்கு உணர்ந்தவர்களுள் முதன்மையானவர் நடிகரும் இயக்குநருமான ஜான் கில்குட். அவர் இயக்கிய 'ஸ்பிரிங் மீட்டிங்' நாடகம் 1938-இல் அரங்கேறியது. குதிரைப் பந்தயத்தில் இரகசியமாகப் பணம் கட்டும் பீஜு அத்தையாக மார்கரெட் நடித்தார். அந்தப் பாத்திரமே அவரை லண்டன் முழுவதும் பேச வைத்தது. அப்போது அவருக்கு வயது 46.

அடுத்த ஆண்டு ஆஸ்கர் வைல்டின் 'தி இம்பார்ட்டன்ஸ் ஆஃப் பீயிங் எர்னஸ்ட்' நாடகத்தில் மிஸ் பிரிசம் என்னும் வீட்டு ஆசிரியை வேடம் கிடைத்தது. கைக்குழந்தையையும் தாம் எழுதிய நாவலின் கையெழுத்துப் படியையும் இடம் மாற்றி வைத்துவிட்ட பிழையைப் பல ஆண்டுகளாக மறைத்து வாழும் பெண் அவர். 1952-இல் ஆந்தனி அஸ்குவித் இயக்கிய திரைப்பட வடிவத்திலும் மார்கரெட்டே மிஸ் பிரிசமாக நடித்தார். இடையே 1947-இல் கில்குட் குழு இந்த நாடகத்தை நியூயார்க்கில் நடத்தியபோது, எடித் எவான்ஸ் புகழ் பெற்றிருந்த லேடி பிராக்னல் வேடத்தை மார்கரெட் ஏற்றார்.

நகைச்சுவை மட்டுமே அவருக்கு வரும் என்ற கருத்தை மறுக்கும் சான்று ஒன்றும் உண்டு. 1940-இல் டாஃப்னே டு மாரியேயின் 'ரெபெக்கா' நாடகமாக அரங்கேறியபோது, அச்சமூட்டும் பணிப்பெண் திருமதி டான்வர்ஸாக அவர் நடித்தார். அதே ஆண்டு செப்டம்பரில் ஜெர்மானிய விமானங்கள் லண்டன் மீது குண்டு வீசியபோது, அந்நாடகம் நடந்துகொண்டிருந்த குயின்ஸ் அரங்கம் சேதமடைந்து மூடப்பட்டது. அந்த அரங்கம் மீண்டும் திறக்கப்பட 1959 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

மேடம் அர்காட்டி

குண்டுவீச்சு தொடர்ந்த அதே காலத்தில், 1941 மே மாதத்தில் நோயல் கவர்டு சில நாள்களில் எழுதி முடித்த நாடகம் 'பிளைத் ஸ்பிரிட்'. எழுத்தாளர் ஒருவர் தம் நாவலுக்குச் செய்தி திரட்டுவதற்காக, ஆவிகளுடன் பேசுவதாகக் கூறும் மேடம் அர்காட்டியை இரவு விருந்துக்கு அழைக்கிறார். அவரோ, எழுத்தாளரின் இறந்துபோன முதல் மனைவியின் ஆவியை உண்மையாகவே வரவழைத்துவிடுகிறார். இரண்டாம் மனைவி உயிருடன் இருக்கும் வீட்டில் முதல் மனைவியின் ஆவியும் குடியேறுவதால் விளையும் குழப்பமே கதை.

மேடம் அர்காட்டி பாத்திரத்தை மார்கரெட்டை மனத்தில் கொண்டே கவர்டு எழுதினார். எனினும் மார்கரெட் முதலில் தயங்கினார். ஆவிகளுடன் பேசுவோரை அவர் மதித்தார். அவர்களைக் கேலி செய்யும் பாத்திரத்தை ஏற்க அவருக்கு மனமில்லை. இறுதியில் நடிக்க இசைந்தபோதும், மேடம் அர்காட்டியை ஏமாற்றுக்காரியாக அவர் காட்டவில்லை. தம் தொழிலில் முழு நம்பிக்கை கொண்ட, காலைக் காற்றையும் மிதிவண்டிப் பயணத்தையும் விரும்பும், உற்சாகம் மிக்க ஒரு பெண்ணாகவே காட்டினார். தாம் சிரிப்புக்கு இடமளிக்கிறோம் என்பதை அறியாதவர் போல அந்தப் பாத்திரம் நடந்துகொண்டதே அரங்கைச் சிரிக்க வைத்தது. பின்னாளில் அவர் ஏற்ற பாத்திரங்கள் அனைத்திலும் இந்த அணுகுமுறையைக் காணலாம்.

மரணம் அன்றாட நிகழ்வாக இருந்த நகரில், மரணத்தைப் பற்றிய நகைச்சுவையை மக்கள் ஏற்பார்களா என்ற ஐயம் இருந்தது. ஆனால் 'பிளைத் ஸ்பிரிட்' லண்டனில் 1,997 முறை நடத்தப்பட்டது. இசை நாடகம் அல்லாத நாடகங்களில் அது அந்நாளைய சாதனை. டேவிட் லீன் இயக்கத்தில் 1945-இல் வெளியான வண்ணத் திரைப்படத்திலும் மார்கரெட்டே மேடம் அர்காட்டியாக நடித்தார். காட்சி உத்திகளுக்காக அந்தப் படம் ஆஸ்கர் விருது பெற்றது.

திரையில் நிலைபெற்ற முகம்

போர் முடிந்தபின் பிரிட்டிஷ் திரைப்படத் துறை நகைச்சுவைப் படங்களில் செழித்த காலத்தில், மார்கரெட்டின் முகம் ஊரறிந்த முகமாயிற்று. கதாநாயகி வேடங்கள் அவருக்கு வரவில்லை. அவற்றை அவர் தேடவும் இல்லை. பருத்த உடல், அசையும் தாடை, அகன்ற கண்கள், ஒவ்வொரு சொல்லையும் தெளிவாக உச்சரிக்கும் குரல் ஆகியவற்றைக் கொண்டு, பத்து நிமிடமே வரும் பாத்திரத்தையும் ரசிகர்கள் மறக்க முடியாததாக அவர் மாற்றினார். பேச்சுப் பயிற்சி ஆசிரியையாக இருந்த ஆண்டுகள் அவருக்கு இவ்வகையில் கைகொடுத்தன.

1949-இல் வெளியான 'பாஸ்போர்ட் டு பிம்லிகோ' படத்தில், லண்டனின் ஒரு சிறு பகுதி சட்டப்படி பர்கண்டி நாட்டுக்கு உரியது என்று பழைய ஆவணத்தைக் கொண்டு உறுதிசெய்யும் வரலாற்றுப் பேராசிரியையாக நடித்தார். மறு ஆண்டு வெளியான 'தி ஹாப்பியஸ்ட் டேஸ் ஆஃப் யுவர் லைஃப்' படத்தில், அரசு அலுவலகத்தின் தவறால் ஆண்கள் பள்ளிக்குள் மாணவியருடன் வந்து சேரும் தலைமை ஆசிரியை வேடம். ஆண்கள் பள்ளித் தலைமை ஆசிரியராக நடித்த அலஸ்டைர் சிம்முடன் அவர் மோதும் காட்சிகள் இன்றும் பேசப்படுகின்றன. இதே வேடத்தை அவர் 1948-இல் மேடையிலும் ஏற்றிருந்தார்.

1957-இல் வெளியான 'தி ஸ்மாலஸ்ட் ஷோ ஆன் எர்த்' படத்தில், பாழடைந்த பழைய திரையரங்கின் சீட்டு விற்கும் மூதாட்டியாக வருவார். அந்த அரங்கில் பேசாப்படம் ஒன்று ஓடும்போது, முற்காலத்தில் செய்ததைப் போலவே அந்த மூதாட்டி பியானோ வாசிப்பார். இசை ஆசிரியையாக இருந்த மார்கரெட்டுக்கு மிக இயல்பாகப் பொருந்திய காட்சி அது. படத்தை ஓட்டும் பணியாளராக அதில் நடித்தவர் பீட்டர் செல்லர்ஸ்.

இதே காலத்தில் மேடையையும் அவர் விட்டுவிடவில்லை. 1950-இல் பீட்டர் புரூக் இயக்கிய 'ரிங் ரவுண்டு தி மூன்' நாடகத்திலும், 1953-இல் கில்குட் நடத்திய காங்கிரீவின் 'தி வே ஆஃப் தி வேர்ல்டு' நாடகத்திலும் நடித்தார். பின்னதில் இளமையைத் தக்கவைக்கப் போராடும் லேடி விஷ்ஃபோர்ட்டாக அவர் தோன்றினார்.

வெளியே தெரியாத போராட்டம்

ஆக்ஸ்ஃபோர்டில் சந்தித்த ஸ்ட்ரிங்கர் டேவிஸை மார்கரெட் 1945-இல் மணந்தார். இருவரும் அறிமுகமாகிப் பதினைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. டேவிஸின் தாய்க்கு இந்தத் திருமணத்தில் உடன்பாடில்லை. அவர் மறைந்த பின்னரே திருமணம் நடைபெற்றது. மணமகளுக்கு அப்போது வயது 52.

அதன் பிறகு இருவரும் பிரிந்திருந்த நாள்கள் மிகக் குறைவு. மனைவி நடித்த பல படங்களில் டேவிஸும் சிறு வேடங்களில் தோன்றினார். மனைவிக்கு உதவியாளராகவும் செவிலியராகவும் இருந்தார். அதற்குத் தேவையும் இருந்தது. மார்கரெட்டை அவ்வப்போது கடுமையான மனச்சோர்வு பீடித்தது. வெளியுலகுக்குத் தெரியாமல் மருத்துவமனைகளில் தங்கிச் சிகிச்சை பெற்றார். மின் அதிர்ச்சி சிகிச்சையும் அவருக்கு அளிக்கப்பட்டது. சோர்வு நீங்கியதும் மீண்டும் படப்பிடிப்புக்குத் திரும்பிவிடுவார்.

மனநோய் என்ற சொல்லையே குடும்பங்கள் மறைத்து வைத்த காலம் அது. தந்தையின் கதை வெளியே தெரிந்தால் என்ன ஆகும் என்ற கவலையும், அந்நோய் தம்மையும் பற்றிவிடுமோ என்ற அச்சமும் சேர்ந்து அவரை வாட்டின. ரசிகர்கள் கண்டதோ, கவலையே அறியாத ஒரு மூதாட்டியை.

தம்பதியருக்குக் குழந்தைகள் இல்லை. எனினும் வயது வந்த நால்வரை அவர்கள் தம் பிள்ளைகளாக ஏற்றனர். அவர்களுள் ஒருவர் கார்டன் லாங்லி ஹால் என்ற எழுத்தாளர். 1968-இல் பாலின மாற்று அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு டான் என்னும் பெண்ணாக வாழத் தொடங்கிய அவர், மறு ஆண்டு அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் கறுப்பின இளைஞர் ஒருவரை மணந்தார். இரு நாடுகளின் நாளேடுகளிலும் அந்தத் திருமணம் பரபரப்பாகப் பேசப்பட்டபோது, மார்கரெட் அவர்கள் பக்கமே நின்றார்.

மிஸ் மார்ப்பிளாக நான்கு படங்கள்

1960-களின் தொடக்கத்தில், அகதா கிறிஸ்டியின் துப்பறியும் மூதாட்டி மிஸ் மார்ப்பிளைத் திரைக்குக் கொண்டுவர எம்ஜிஎம் நிறுவனம் திட்டமிட்டு மார்கரெட்டை அணுகியது. அவர் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. கொலையைப் பொழுதுபோக்காக்கும் கதைகள் அவருக்குப் பிடிக்கவில்லை. அவருடைய குடும்பத்தில் நடந்ததை அறிந்தவர்களுக்கு அந்தத் தயக்கத்தின் காரணம் விளங்கும். குற்றத்தைவிட நீதியின் பக்கமே இந்தப் பாத்திரம் நிற்கிறது என்று இயக்குநர் ஜார்ஜ் பொல்லக் உள்ளிட்டோர் எடுத்துரைத்த பின்னரே அவர் இசைந்தார்.

முதல் படம் 'மர்டர், ஷி செட்' 1961-இல் வெளியானது. '4.50 ஃப்ரம் பாடிங்டன்' நாவலைத் தழுவிய அந்தப் படத்தில், எதிரே ஓடும் ரயிலில் ஒரு கொலை நடப்பதை மிஸ் மார்ப்பிள் தம் கண்ணாலேயே காண்கிறார். காவல் துறை நம்ப மறுப்பதால், சந்தேகத்துக்குரிய மாளிகையில் பணிப்பெண்ணாகச் சேர்ந்து தாமே விசாரணையில் இறங்குகிறார். நாவலில் இச்செயல்களைச் செய்பவர்கள் வேறு இருவர். படத்தில் அனைத்தும் மார்ப்பிளுக்கே தரப்பட்டன. அதன்பின் 'மர்டர் அட் தி கேலப்', 'மர்டர் மோஸ்ட் ஃபவுல்', 'மர்டர் அஹாய்' ஆகிய மூன்று படங்கள் 1964-க்குள் வெளிவந்தன. இவற்றில் முதல் இரண்டும் உண்மையில் ஹெர்க்யூல் புவாரோ துப்பறியும் நாவல்களைத் தழுவியவை. கடைசிப் படத்தின் கதை கிறிஸ்டி எழுதியதே அன்று.

நாவல்களில் வரும் மிஸ் மார்ப்பிள் மெலிந்த உடலும் அமைதியான சுபாவமும் கொண்டவர். மூலையில் அமர்ந்து பின்னல் வேலை செய்தபடியே உண்மையைக் கண்டறிபவர். மார்கரெட்டின் மார்ப்பிளோ குதிரை ஏறுவார், ட்விஸ்ட் நடனம் ஆடுவார், வாள் ஏந்திச் சண்டையும் இடுவார். படங்கள் தம் கதைகளிலிருந்து விலகியது கிறிஸ்டிக்கு மகிழ்ச்சி அளிக்கவில்லை. ஆனால் அந்த வருத்தம் நடிகையின் மீது படரவில்லை. 1962-இல் வெளியான தம்முடைய மிஸ் மார்ப்பிள் நாவலான 'தி மிரர் க்ராக்டு ஃப்ரம் சைட் டு சைட்' நூலை, மார்கரெட் ரூதர்ஃபோர்டுக்கே அவர் காணிக்கையாக்கினார்.

தம் கணவருக்கும் படத்தில் இடம் வேண்டும் என்று மார்கரெட் வற்புறுத்தியதால், நாவல்களில் இல்லாத திரு. ஸ்ட்ரிங்கர் என்னும் நூலகர் பாத்திரம் அவருக்கெனவே உருவாக்கப்பட்டது. முதல் படத்தில் சிறு வேடத்தில் நடித்த ஜோன் ஹிக்சன், இருபது ஆண்டுகளுக்குப் பின் பிபிசி தொலைக்காட்சித் தொடரில் மிஸ் மார்ப்பிளாக நடித்துப் புகழ்பெற்றார் என்பது குறிப்பிடத்தக்கது.

ஆஸ்கரும் அதன் பின்னரும்

1963-இல் டெரன்ஸ் ராட்டிகன் எழுதி, ஆந்தனி அஸ்குவித் இயக்கிய 'தி வி.ஐ.பி.ஸ்' வெளியானது. மூடுபனியால் லண்டன் விமான நிலையத்தில் சிக்கிக்கொண்ட செல்வந்தர்களின் கதை அது. எலிசபெத் டெய்லர், ரிச்சர்டு பர்ட்டன், மேகி ஸ்மித், ஆர்சன் வெல்ஸ் என நட்சத்திரங்கள் நிறைந்த அந்தப் படத்தில், தம் மூதாதையர் மாளிகையைக் காப்பாற்ற முதுமையில் வேலை தேடி அமெரிக்கா புறப்படும் பிரைட்டன் சீமாட்டியாக மார்கரெட் நடித்தார். விமானப் பயணத்துக்கு அஞ்சி மாத்திரைகளை விழுங்கிக்கொண்டிருக்கும் அந்த மூதாட்டி, நட்சத்திரங்களை விஞ்சி மனத்தில் நின்றார்.

1964 ஏப்ரலில் நடந்த விழாவில் சிறந்த துணை நடிகைக்கான ஆஸ்கர் விருது அவருக்கு அறிவிக்கப்பட்டது. கோல்டன் குளோப் விருதும் கிடைத்தது. அந்த ஆண்டு அதே பிரிவில் போட்டியிட்டவர்களுள், 'டாம் ஜோன்ஸ்' படத்தில் நடித்த எடித் எவான்ஸும் ஒருவர்.

அதன்பின் பெரும் இயக்குநர்கள் இருவர் அவரை அழைத்தனர். ஷேக்ஸ்பியரின் ஃபால்ஸ்டாஃப் பாத்திரத்தை மையமாக்கி ஆர்சன் வெல்ஸ் எடுத்த 'சைம்ஸ் அட் மிட்நைட்' படத்தில், மதுக்கடை நடத்தும் மிஸ்ட்ரஸ் குவிக்லியாக நடித்தார். ஃபால்ஸ்டாஃப் உயிர் பிரிந்த விதத்தை அவர் எடுத்துரைக்கும் காட்சியில் நகைச்சுவை மறைந்து துயரமே மிஞ்சுகிறது. 1967-இல் வெளியான சார்லி சாப்ளினின் கடைசிப் படமான 'எ கவுண்டஸ் ஃப்ரம் ஹாங்காங்' படத்திலும் ஒரு சிறு வேடத்தில் தோன்றினார். 1961-இல் ஓ.பி.இ. விருதும், 1967-இல் டேம் பட்டமும் அவருக்கு வழங்கப்பட்டன.

இறுதி ஆண்டுகள்

1966-இல் லண்டன் ஹேமார்க்கெட் அரங்கில் ஷெரிடனின் 'தி ரைவல்ஸ்' நாடகத்தில் திருமதி மாலப்ராப் வேடத்தை ஏற்றார். ரால்ஃப் ரிச்சர்ட்சன் உடன் நடித்தார். சொற்களை மாற்றி மாற்றிப் பேசிச் சிரிக்க வைக்கும் பாத்திரம் அது. ஆனால் அந்நாள்களில் மார்கரெட்டின் உடல்நலம் குன்றத் தொடங்கியிருந்தது. சில வாரங்களில் அவர் அந்த நாடகத்திலிருந்து விலக நேர்ந்தது. அதுவே அவருடைய கடைசி மேடை நாடகமாக அமைந்தது.

வாழ்வின் இறுதியில் அல்சைமர் நோய் அவரைப் பற்றியது. வாழ்நாளெல்லாம் தம் அறிவு பிறழ்ந்துவிடுமோ என்று அஞ்சியவரை, முதுமையில் நினைவை அழிக்கும் நோய் வந்தடைந்தது. பக்கிங்ஹாம்ஷயரில் இருந்த வீட்டில் ஸ்ட்ரிங்கர் டேவிஸ் இறுதிவரை அவரைக் கவனித்துக்கொண்டார். 1972 மே 22 அன்று, 80-ஆவது பிறந்தநாளுக்குப் பின் 11 நாள்களில், மார்கரெட் காலமானார். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் டேவிஸும் மறைந்தார்.

மார்கரெட் உயிருடன் இருந்தவரை தந்தை குறித்த முழு உண்மையும் பொதுமக்களை எட்டவில்லை. அவருக்குப் பிந்தைய காலத்து நூல்களே, குறிப்பாக ஆண்டி மெரிமன் எழுதி 2009-இல் வெளியான வாழ்க்கை வரலாறு, மேட்லாக்கில் நடந்த கொலையையும் இந்தியாவில் நேர்ந்த தாயின் மரணத்தையும் நடிகையின் மனச்சோர்வையும் விரிவாகப் பதிவு செய்தன. அதன்பின் அவருடைய படங்களைப் பார்ப்பவர்களுக்கு, கொலைகாரனைத் தேடிச் செல்லும் மிஸ் மார்ப்பிளின் துணிச்சலும், இறந்தவர்களுடன் பேச முயலும் மேடம் அர்காட்டியின் உற்சாகமும் முன்பு தெரியாத ஒரு பொருளைத் தருகின்றன.

ஜெரார்ட்ஸ் கிராஸ் நகரின் புனித ஜேம்ஸ் தேவாலயக் கல்லறைத் தோட்டத்தில் கணவரும் மனைவியும் ஒன்றாக அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். மார்கரெட்டின் நினைவுக் கல்லின் அடியில், 1941-இல் குண்டுவீச்சுக்கிடையே லண்டனைச் சிரிக்க வைத்த அந்த நாடகத்தின் பெயர் பொறிக்கப்பட்டுள்ளது.